மேட் பரப்பில் எனாமல் வாஷ் கறையாக நின்றுவிட்டது: மீட்க வழி உண்டா?

கேள்வி:

வணக்கம். 1/35 அளவிலான டி-34/85 டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கட்டி முடித்து, சோவியத் படையின் 4பிஓ பச்சைக்கு நெருக்கமான அக்ரிலிக் நிறத்தை ஏர்பிரஷால் அடித்து, டீக்கால்களையும் (எண்கள், சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படங்கள்) ஒட்டினேன். டீக்கால்களின் பளபளப்பு மறைய வேண்டும் என்பதற்காக மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் பூசி, இரண்டு நாள் காயவிட்ட பிறகு, அடர்பழுப்பு எனாமல் வாஷை (பள்ளங்களில் அழுக்குபோல் தங்குவதற்காகத் தின்னரில் மிகவும் நீர்த்த நிறம்) முன்பக்கச் சாய்தகட்டில் பரவலாகத் தடவினேன். பள்ளங்களிலும் வெல்டிங் ஓரங்களிலும் மட்டும் தங்கும் என்று எதிர்பார்த்தேன். அது தகடு முழுவதும் ஊறிப் பரவி, காய்ந்தபோது வற்றிய குளத்தின் கரைக்கோடுகளைப் போல வளையம் வளையமாக நின்றுவிட்டது. தின்னரில் நனைத்த தூரிகையால் துடைத்தும் கறை இடம் மாறியதே தவிர நீங்கவில்லை. அடியில் உள்ள பச்சையும் கரைந்துவிடுமோ என்று அஞ்சி நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சக்கரங்களைத் தாங்கும் கைகளில் ஒன்று, அடிப்பகுதியில் வாஷ் தடவிய மறுநாள், தொட்ட மாத்திரத்தில் முறிந்து விழுந்தது. இதற்கும் வாஷுக்கும் தொடர்பு உண்டா? பல மாத உழைப்பு என்பதால் மனம் பொறுக்காமல் கேட்கிறேன்.

பதில் 1:

முதலில் அச்சத்தை விடுங்கள். எனாமல் வாஷைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட், நன்றாக உலர்ந்த அக்ரிலிக்கைக் கரைப்பதில்லை. அக்ரிலிக்கின் மேல் எனாமல் வாஷைப் பயன்படுத்துவதன் அடிப்படையே அதுதான். நீங்கள் எடுக்கும் புட்டியை மட்டும் இருமுறை பாருங்கள். தமியா நிறுவனத்தின் தின்னர்களில் எக்ஸ்-20 எனாமலுக்கானது, எக்ஸ்-20ஏ அக்ரிலிக்குக்கானது. ஓரெழுத்து வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டாவதை எடுத்துவிட்டால் பச்சையே பெயர்ந்துவரக்கூடும்.

மேட் வார்னிஷின் பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் கரடுமுரடானது. அந்த நுண்குழிகள் வாஷை உறிஞ்சி எல்லாத் திசையிலும் இழுத்துச் செல்வதோடு, நிறமித் துகள்களையும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. தின்னர் ஆவியாகும்போது துகள்கள் ஈரத்தின் விளிம்புக்கு ஒதுங்குவதால் வளையம் உண்டாகிறது. மீட்பதற்கு, அகலமான தட்டைத் தூரிகையைத் தின்னரில் தோய்த்து, டிஷ்யூ தாளில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள்; ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் தூரிகையைத் தாளில் துடையுங்கள். நீங்கள் துடைத்தபோது தூரிகை சொட்டச் சொட்ட நனைந்திருந்திருக்க வேண்டும். அதனால்தான் கறை நீங்காமல் புதிய வளையம் பிறந்தது. எவ்வளவு துடைத்தாலும் மெல்லிய பழுப்புச் சாயல் எஞ்சும். மற்றத் தகடுகளுக்கும் அதே வாஷை மிகமிக நீர்த்துப் பூசிச் சாயலைச் சமப்படுத்திவிட்டால், அது பச்சைக்கு ஆழம் சேர்க்கும். அதன் பிறகு கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் அடித்து, வாஷைப் புதிதாகத் தொடங்குங்கள்.

பதில் 2:

மேலே சொல்லப்பட்ட மீட்பு முறை சரியானது. ஆனால் வண்டி முழுவதற்கும் கிளாஸ் வார்னிஷ் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடிபோல் வழுவழுப்பான பரப்பில் வாஷ் துடைக்கத் துடைக்க முற்றிலும் நீங்கிவிடுவதால், அழுக்கு நிறத்தோடு கலவாமல், பேனாவால் வரைந்த கோடுகளாக மட்டும் எஞ்சுகிறது. மேட், கிளாஸ் இரண்டுக்கும் இடைப்பட்ட சாட்டின் பூச்சையே நான் பரிந்துரைக்கிறேன்.

டி-34/85-இல் இது கூடுதலாகப் பொருந்தும். அதன் உடல் உருட்டுத் தகடுகளை வெல்டிங் செய்து அமைத்தது. டரட்டோ (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூண்டு) வார்ப்பில் உருவானது, பரப்பே சொரசொரப்பானது. ஆகவே டரட்டின் மேல் வாஷைச் சற்றுப் பரவலாகத் தடவித் துடைத்தால் வார்ப்பின் மேடுபள்ளம் துலங்கும். உடலின் தகடுகளில் அப்படிச் செய்யக் கூடாது. மெல்லிய முனைத் தூரிகையில் சிறிதளவு எடுத்து, வெல்டிங் ஓரத்திலோ போல்ட்டின் அடியிலோ ஒரு புள்ளி வைத்தால் போதும். நுண்புழை ஈர்ப்பால் அது தானாகவே மூலைவழியே ஓடிவிடும். சிந்தியதைத் துடைக்க 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். உடனே துடைத்தால் பள்ளத்தில் உள்ளதும் வந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் பிசின் இறுகிவிடும். கறுப்பு வாஷை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்தப் பச்சையின் மேல் அது மண்ணாகத் தெரியாது, மையாகத்தான் தெரியும்.

பதில் 3:

உடைந்த கையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. தொடர்பு நிச்சயமாக உண்டு. இறுக்கமாகச் செருகப்பட்டோ வளைத்து ஒட்டப்பட்டோ இருக்கும் பாகத்தில் ஏற்கெனவே இழுவிசை இருக்கும். அங்கே தின்னர் தேங்கி, நிறம் பூசப்படாத இணைப்புக்குள் நுழைந்துவிட்டால், பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் விழுந்து அது மொறமொறப்பாகிவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எனக்கு ஒருமுறை அச்சு ஒன்று முழுவதுமாகத் தெறித்துப்போனது. அன்றுமுதல் சக்கரங்களுக்குத் தனியே வாஷ் கொடுத்து, நன்றாக உலர்ந்த பிறகே பொருத்துகிறேன். அடிப்பகுதியில் வாஷ் ஒருபோதும் குட்டையாகத் தேங்கக் கூடாது. தேங்கினால் டிஷ்யூ தாளின் முனையால் உடனே உறிஞ்சி எடுங்கள். முறிந்த கையின் இரு முகங்களிலும் 0.5 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி ஒட்டினால் முன்பைவிட உறுதியாக நிற்கும். சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். மணமற்ற தின்னரிலும் ஆவி உண்டு.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை ஒற்றிய தூரிகையால் துடைத்தேன்; வளையங்கள் மறைந்து, மங்கலான பழுப்பு மட்டும் எஞ்சியது. சாட்டின் பூசிவிட்டுத் தொடர்கிறேன். பக்கவாட்டு எரிபொருள் பீப்பாய்களில் டீசல் வழிந்த தடத்தையும் காட்ட விரும்புகிறேன். அதை எந்தக் கட்டத்தில் செய்வது?

பதில் 2:

எல்லாவற்றுக்கும் கடைசியில். அந்தப் பீப்பாய்கள் எஞ்சினோடு குழாயால் இணைக்கப்பட்டவை அல்ல. எரிபொருளை வீரர்கள் எடுத்து ஊற்ற வேண்டியிருந்தது. ஆகவே சிந்தல் மூடியைச் சுற்றித் தொடங்கி, பீப்பாயின் வளைவில் கீழே மெலிந்து செல்ல வேண்டும். வாஷ் குறைந்தது ஒரு முழுநாள் உலர்ந்தபின் வண்டிக்கு மேட் வார்னிஷ் அடியுங்கள். அதுவும் காய்ந்தபிறகு, அடர்பழுப்பு வாஷில் சிறிது கிளாஸ் எனாமல் வார்னிஷ் கலந்து, மெல்லிய தூரிகையால் மூடியிலிருந்து கீழ்நோக்கி இழுங்கள். மேட் வார்னிஷை அதன்மேல் அடித்துவிட்டால் ஈரப் பளபளப்பு போய், டீசல் தடம் வெறும் மண்தடமாகிவிடும்.