மறு: 'வேற்றுலகக் குழந்தைகள்' சரியான சொல்தானா?

ஐயா வணக்கம்,

வேற உலகத்துல இருந்து வந்ததாவோ அங்க போனதாவோ பழைய இங்கிலாந்துக் கதைங்க சொல்ற குழந்தைங்களுக்கு 'வேற்றுலகக் குழந்தைகள்'ங்கிற சொல் சரியான்னு கேள்வி வந்திருக்கு. 'வேற்றுலகம்'னு போட்டா இப்ப படிக்கிறவங்களுக்கு வேற்றுகிரகவாசியும் பறக்கும் தட்டும்தான் ஞாபகத்துக்கு வரும், 'மறுவுலகம்'னா செத்தப்புறம் போற இடம்னு ஆயிடுது, இந்தக் கதைங்க ரெண்டையுமே சொல்லல. நான் முன்வைக்கிறது 'அயலுலகு'.

காரணம் வூல்பிட்ங்கிற ஊரோட கதையிலயே இருக்கு. இங்கிலாந்தை ஸ்டீபன் ராஜா ஆண்ட காலம் (1135–1154), சஃபோக் பகுதியில அறுவடை நேரம், ஓநாய்க்கு வெட்டின குழிக்குப் பக்கத்துல ஒரு பொண்ணும் அவ தம்பியும் கிடைக்கிறாங்க, உடம்பு பச்சை, பேசுறது யாருக்கும் புரியல, எதைக் குடுத்தாலும் தொடல. அவரையைச் செடியோட பாத்ததும் பாஞ்சு வாங்கி, காயை விட்டுட்டு தண்டைப் பிளந்து தேடி, உள்ள ஒண்ணும் இல்லன்னு அழுதிருக்காங்க, அப்புறம் யாரோ காயை உரிச்சுக் காட்டியிருக்காங்க. பையன் கொஞ்ச நாள்ல இறந்துட்டான். அவ பேச்சுக் கத்துக்கிட்டு சொன்னதைத்தான் அந்தக் கால வரலாறு எழுதின நியூபர்க் வில்லியமும் காகஷால் ரால்ஃபும் எழுதி வச்சாங்க: எங்க ஊர்ல சூரியன் கிடையாது, எப்பவும் அந்திவெளிச்சம்தான், பேரு புனித மார்ட்டின் நாடு, எல்லாரும் கிறிஸ்தவங்க, கோயில் இருக்கு, பெரிய ஆத்துக்கு அந்தாண்ட வெளிச்சமான தேசம் தெரியும். ரால்ஃப் சொல்றபடி மாட்டுக்குப் பின்னாடி குகைக்குள்ள போய், மணிச்சத்தம் கேட்டு நடந்து இங்க வெளிய வந்துட்டாங்க. மாடு மேயுற தூரத்துல இருக்கு அந்த உலகம்! 'அயல்'ங்கிறதுல அந்நியமும் இருக்கு, பக்கத்து வீடும் இருக்கு, ரெண்டும் இங்க வேணும்.

அகதிக் குழந்தைகள்னே சொல்லிடலாம்னு நேத்து எழுதின நண்பருக்கு: ஃபிளெமிஷ் (ஃபிளாண்டர்ஸ் நாட்டு) அகதி, சோகையால வந்த பச்சைன்னு ஒரு விளக்கம் இருக்கு, ஆனா அது சாட்சிக்குக் கூப்பிடுற, ஃபிளெமிஷ்காரங்க கொல்லப்பட்ட ஃபோர்ன்ஹாம் சண்டை 1173ல, ஸ்டீபன் செத்து 19 வருஷம் கழிச்சு. அந்தப் பொண்ணை வீட்டுல வச்சிருந்த கால்ன் ரிச்சர்டு 'நைட்' பட்டம் பெற்ற வீரர், அவருக்கு ஃபிளெமிஷ் பேச்சு அடையாளம் தெரியாமலா இருக்கும்? அதுவும் போக, விளக்கத்தைக் கலைச்சொல்லுக்குள்ளயே திணிச்சா வேற வாசிப்புக்கு இடமே இல்லாம போயிடும்.

எல்லாத்தையும் ஒரே சொல்லுல அடைக்கவும் வேண்டாம். ரால்ஃபே இன்னொரு கதை சொல்றார், டாக்வர்த்ல ஒரு வீட்டுல கண்ணுக்குத் தெரியாம குழந்தைக் குரல்ல பேசுற மாலெகின். அம்மா வயல்ல கதிர் அறுக்கிறப்ப என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, 7 வருஷம் ஆச்சு, இன்னும் 7 வருஷம் போனா மனுஷங்களோட இருக்கலாம்னு சொல்லுது, படிக்கவே மனசு பதறுது. இது அங்கிருந்து வந்த பிள்ளை இல்ல, இங்கிருந்து போன பிள்ளை, அதனால 'கவர்ந்த பிள்ளை'. தூக்கின பிள்ளைக்குப் பதிலா அந்த உலகத்தவங்க தொட்டில்ல விட்டுட்டுப் போற பிள்ளைக்கு 'மாற்றுப்பிள்ளை'. வூல்பிட் மாதிரி வழிதவறி இங்க வந்தவங்களுக்கு மட்டும் 'அயலுலகப் பிள்ளைகள்'.

வூல்பிட் கதைக்குத் தலைப்புல 'பச்சைப்பிள்ளைகள்' மட்டும் வேண்டவே வேண்டாம் ஐயா, கைக்குழந்தைன்னுதான் படிப்பாங்க. 'பச்சைநிறச் சிறார்'னு மாத்திடுங்க.