கூப்பன் பாரத்தில் நம்பர் எழுதினதிலிருந்து விளம்பர எஸ்எம்எஸ் தொல்லை: எப்படி நிறுத்துறது?

சிப்புட்_மகள்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கிற அம்மாவோட ஹென்போனுக்காகக் கேட்கிறேன். டவுன்ல ஒரு பேரங்காடியில தீபாவளிக் குலுக்கல் கூப்பன் நிரப்பினாங்க. பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு ஆறேழு மெசேஜ் வருது. பார்த்தா மூணு விதமா இருக்கு.

6-ல் தொடங்குற ஐந்து இலக்க நம்பர்ல அந்தப் பேரங்காடியோட மலிவு விற்பனை விளம்பரம், முன்னால 'ஆர்எம்0' னு போட்டு வருது. 01-ல் தொடங்குற சாதாரண ஹென்போன் நம்பர்ல 'ஐசி மட்டும் போதும், ஒரே நாளில் கடன்'. 3-ல் தொடங்குற ஐந்து இலக்க நம்பர்ல ராசிபலன், அது ஒவ்வொண்ணுக்கும் டாப் அப்ல 50 சென் கழியுது.

பிளாக் பண்ணினா வேற நம்பர்ல வருது. 'ஸ்டாப்'னு பதில் அனுப்பலாமா? கையெழுத்துப் போட்டுட்டதால கடைக்காரங்களை ஒண்ணும் கேட்க முடியாதா?

ஹென்போன்_கடை:
முதல்ல காசு கழியுறதை நிறுத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம். மெசேஜ் தொடக்கத்துல இருக்கிற தொகையைப் பாருங்க. ஆர்எம்0 னா பெறுறவருக்குக் கட்டணம் இல்லை. ஆர்எம்0.50 னா அது சந்தா, ஒவ்வொரு மெசேஜுக்கும் வெட்டுவாங்க.

அந்த 3 நம்பருக்கு, அதே சிம்மிலிருந்து, ஆங்கிலப் பெரிய எழுத்துல 'ஸ்டாப் ஆல்' அனுப்புங்க. ரெண்டு சொல்லுக்கும் நடுவுல ஒரு இடைவெளி. இங்கேதான் நிறைய பேருக்குப் பிசகுது. ரெண்டு சிம் போட்ட போன்ல தவறான சிம்மிலிருந்து போயிடும், சந்தா அப்படியே ஓடும். டாப் அப் காலியா இருந்தா நிறுத்தச் சொல்ற மெசேஜே வெளியே போகாது, மறுபடி காசு போட்டதும் வெட்டு தொடங்கிடும். அதனால ஒரு ரிங்கிட்டாவது இருக்கும்போது அனுப்புங்க. சந்தா ரத்தானதுன்னு பதில் வரும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.

அதுக்குப் பிறகும் கழிஞ்சா, தேதியும் நேரமும் சொல்லித் தொலைபேசி நிறுவனத்துக்கே முதல்ல புகார் கொடுங்க. கழிஞ்ச காசைத் திருப்பிக் கேளுங்க. கட்டண மெசேஜ் எதுவுமே இந்த நம்பருக்கு வராதபடி பூட்டவும் சொல்லுங்க. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்குங்க. அவங்க தீர்த்து வைக்கலைன்னா அந்த எண்ணோட எம்சிஎம்சிக்கு, அதாவது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் போங்க: 1-800-188-030.

01 நம்பருக்கு மட்டும் 'ஸ்டாப்' அனுப்பவே அனுப்பாதீங்க. அனுப்பினா இந்த நம்பர்ல ஆள் இருக்காங்கன்னு அவங்களுக்கு நாமே சொன்ன மாதிரி ஆயிடும்.

709_வாசிப்பு:
கையெழுத்துப் போட்டால் கேட்க முடியாது என்பது தவறு, தங்கச்சி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, சட்டம் 709, 15 நவம்பர் 2013 முதல் நடப்பில் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அதுவே சொல்கிறது.

அதில் இரண்டு பிரிவுகள் நமக்கு வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரிவு 38 சம்மதத்தையே முழுக்கத் திரும்பப் பெறுவது. பிரிவு 43 நேரடி விளம்பரத்துக்கு மட்டும் என் தகவலைப் பயன்படுத்தாதே என்பது. குலுக்கல் கூப்பனோடு உறவு முடிந்துபோன கடைக்கு 38 சரி. ஆனால் வங்கிக்கோ, மோட்டார் தவணை கட்டும் நிறுவனத்துக்கோ, தொலைபேசி நிறுவனத்துக்கோ 38-ஐ எழுதினால் கணக்கை நடத்தத் தேவையான தகவலுக்கும் சேர்த்துச் சம்மதத்தை எடுத்துவிடுகிறீர்கள், சேவையே சிக்கலாகும். அங்கெல்லாம் 43 மட்டும் போதும். உங்கள் அம்மா அந்தப் பேரங்காடியில் உறுப்பினர் அட்டை வைத்துப் புள்ளி சேர்க்கிறார் என்றால் அங்கேயும் 43 போதும்.

இரண்டுக்குமே எழுத்துப்பூர்வமான அறிவிப்பு வேண்டும். கவுண்டரில் வாயால் சொன்னால் கணக்கில் வராது. மின்னஞ்சல் எளிது, நாளும் நேரமும் தானே பதிவாகும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

'என் பெயர் இன்னது, கைப்பேசி எண் இன்னது. சட்டம் 709, பிரிவு 43-இன்படி நேரடி விளம்பரத்துக்காக என் தகவலைப் பயன்படுத்துவதை 14 நாளுக்குள் நிறுத்தவும். என் எண் எங்கிருந்து கிடைத்தது, எவ்வகை மூன்றாம் தரப்பினருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.'

சட்டம் 'நியாயமான கால அளவு' என்றுதான் சொல்கிறது, 14 என்பது நாம் வைக்கும் நாள். ஐசி நகலை இணைக்காதீர்கள், விளம்பரத்தை நிறுத்த அது எதற்கு? அம்மாவுக்காக நீங்கள் அனுப்பினால் அவர் கையெழுத்திட்ட ஒரு வரி அனுமதியைச் சேர்த்துவிடுங்கள்.

நிறுத்தாவிட்டால் புத்ராஜெயாவில் இருக்கும் ஜேபிடிபி, அதாவது தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கடைக்கு எழுதிய கடிதம், அதற்குப் பிறகு வந்த மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட், இவை இரண்டும் கட்டாயம் வேண்டும். நிறுத்தச் சொல்லி ஆணையர் உத்தரவிட்டும் கேட்காதவருக்கு 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பணம் உங்களுக்கு வராது, ஆனால் மெசேஜ் நிற்கும்.

ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு கவனம்: அனுப்புபவரின் எண்ணை 'தொல்லை 1' என்று பெயர் போட்டுச் சேமித்துவிட்டால் படத்தில் எண் தெரியாது, ஆதாரமாக நிற்காது. சேமிக்காமல் எடுங்கள். எண், தேதி, நேரம் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும்.

அந்தப் பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பரத்துக்கான சம்மதம் வேறு விஷயத்தோடு ஒரே தாளில் இருந்தால், அது தனியாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு விதிமுறை. பரிசு விதிகளுக்கு அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி நுழைத்திருந்தால் கேள்வி கேட்கலாம். சம்மதம் பெற்றதை நிரூபிக்கும் பொறுப்பும் கடைக்குத்தான். தேவைக்கு மிஞ்சிய தகவல் வாங்கக் கூடாது என்பது பிரிவு 6. குலுக்கலுக்குப் பெயரும் போன் நம்பரும் போதும், வெற்றி பெற்றவரிடம் ஐசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தகவல் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தோட்டத்துப் பெரியவர்கள் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமலேயே போடுகிறார்கள். இது மனதை உறுத்துகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

லாடாங்_தம்பி:
அக்கா, அந்த 01 கடன் மெசேஜுக்குச் சட்டம் 709 கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதீங்க. முகவரியே இல்லாதவனுக்கு எங்கே அனுப்புவீங்க? அது ஆலோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரன்), இல்லைன்னா மோசடிக் கும்பல். முறையான வட்டிக்கடைக்கு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சோட (கேபிகேடி) உரிமம் இருக்கணும், விளம்பரத்துக்குத் தனி அனுமதியும் வேணும். அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடுதான் உச்சம், அடமானம் இருந்தா 12. ஒரே நாள்ல கடன்னு சொல்லிட்டு முதல்ல 'செயல்முறைக் கட்டணம்' 200, 300 போடச் சொன்னா அங்கேயே விட்டுடுங்க.

மெசேஜ் ஆப்ல அழுத்திப் பிடிச்சு 'பிளாக்', 'ரிப்போர்ட் ஸ்பேம்' ரெண்டையும் தட்டுங்க. பிளாக் மட்டும் பண்ணினா நம்ம போன்ல மறையும், அவ்வளவுதான். லிங்க் இருந்தா திறக்கவே வேணாம். அவங்க வங்கிக் கணக்கு எண் கொடுத்திருந்தா, மோசடிக் கணக்கான்னு சரிபார்க்கிற போலீஸோட செமாக் மியூல் தளத்துல போட்டுப் பாருங்க. அம்மா ஏற்கெனவே பணம் போட்டிருந்தா ஒரு நிமிஷமும் தாமதிக்காம மோசடிப் புகார் மையத்தோட 997-க்கு அழைங்க, அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். பணம் கை மாறுறதுக்கு முன்னால முடக்கினாத்தான் திரும்பக் கிடைக்க வழி இருக்கு.

சிப்புட்_மகள்:
ரொம்ப நன்றி. ஸ்டாப் ஆல் அனுப்பினதுக்குப் பதில் வந்துடுச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். அந்த சிம் என் மாமா பேர்ல பதிவாகியிருக்கு, தொலைபேசி நிறுவனத்துல பேச மாட்டேங்குறாங்க. அப்புறம், தொகுதி அலுவலகத்திலிருந்து வர்ற பண்டிகை வாழ்த்து மெசேஜையும் இப்படி நிறுத்தலாமா?

709_வாசிப்பு:
வாழ்த்துக்கு இந்தச் சட்டம் உதவாது. வணிகப் பரிவர்த்தனைக்கு மட்டும்தான் இது. கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று பிரிவு 3-லேயே இருக்கிறது. அனுப்பும் அலுவலகத்திடமே பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஹென்போன்_கடை:
சிம் யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் நிறுவனம் பேசும். மாமாவை ஐசியோட சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, அம்மாவும் தன் ஐசியோட வரட்டும். பேர் மாத்துறப்பவே கட்டண மெசேஜ் பூட்டையும் கேட்டுப் போட்டுக்குங்க, பழைய பேர்ல போட்ட பூட்டு புதுப் பேர்லயும் நிக்குதான்னு கவுண்டர்லயே சரிபார்க்கச் சொல்லுங்க. கழிஞ்ச காசைத் திருப்பிக் கேட்கிறதா இருந்தா, பேர் மாத்துறதுக்கு முன்னால மாமா பேர்லயே புகார் எண் வாங்கிடுங்க.