ஏஆர்-10: பாகம் வாங்கிப் பூட்டுவதா, முழுசாக வாங்குவதா?

டெக்சாஸ்காரன்: பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. .308 தோட்டாவுக்கு ஏஆர்-10 வகை செமி ஆட்டோமேடிக் ரைஃபிள் வேண்டும். ஏஆர்-15 பூட்டிய பழக்கம் இருக்கிறது, இதையும் நானே பூட்டலாம் என்று இருக்கிறேன். யாராவது தடுக்கப் போகிறீர்களா?

ரேஞ்ச் மாமா: நான் தடுக்கிறேன். ஏஆர்-15க்கு ராணுவ அளவு என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனி அப்பரும் (பேரல் பொருந்தும் மேல்பாதி) எந்த லோயரிலும் (ட்ரிக்கர் இருக்கும் கீழ்பாதி) பெரும்பாலும் உட்காரும். ஏஆர்-10 கதை வேறு. 1950களில் ஆர்மலைட் கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் முதலில் வடிவமைத்தது இதைத்தான். ஏஆர்-15 இதைச் சுருக்கிச் செய்தது. ஆனால் அமெரிக்க ராணுவம் 1957ல் எம்14 என்ற வேறு ரைஃபிளை எடுத்துக்கொண்டதால், மூத்ததான ஏஆர்-10க்குப் பொது அளவே அமையவில்லை. இன்று ஆர்மலைட் அளவு ஒன்று, டிபிஎம்எஸ் என்ற இன்னொரு கம்பெனியின் அளவு ஒன்று. டிபிஎம்எஸ்ஸிலேயே அப்பரின் பின்பக்க வெட்டு இரண்டு விதம். மாற்றி வாங்கினால் அப்பருக்கும் லோயருக்கும் நடுவே இடைவெளி பல்லை இளிக்கும்.

டெக்சாஸ்காரன்: இரண்டையும் ஒரே கம்பெனியில் ஜோடியாக வாங்கினால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. கடை ரைஃபிளில் அவன் போட்ட கனமான பேரலைத்தான் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். ட்ரிக்கரையும் ஸ்டாக்கையும் எப்படியும் கழற்றப் போகிறேன், அதற்கு ஏன் காசு? மாதம் ஒரு பாகம் வாங்கினால் கையையும் கடிக்காது.

கறார் கணக்கு: மாதக் கணக்கில் கடிக்காது, மொத்தத்தில் கடிக்கும். பூட்டியதை விற்கப் போனால் பாகங்களின் விலைகூடத் தேறாது. தோட்டா சிக்கினால் பேரல்காரன் போல்ட்டை (தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) சொல்வான், போல்ட்காரன் பேரலைச் சொல்வான். முழுசாக வாங்கினால் ஒரே வாரன்டி, ஒரே போன் நம்பர்.

ரேஞ்ச் மாமா: அதேதான். சுடும்போது வரும் வாயு அதிகமாகத் திரும்பினால் போல்ட் அவசரப்பட்டுப் பின்னால் ஓடும், காலிக் குப்பியின் விளிம்பே கிழியும். போல்ட்டின் வேகத்தைத் தாங்கும் பஃபரும் ஸ்பிரிங்கும் இதில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேரலும் போல்ட்டும் வேறு வேறு இடத்தில் வாங்கினால், கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டுக்கும் பேரலில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) பார்க்காமல் சுடவே கூடாது.

புது வரவு: நான் எச்1பி. பாகமாக வாங்கினால் டீலர், பேப்பர் எதுவும் தேவையில்லை என்கிறார்களே?

கறார் கணக்கு: யார் சொன்னது? சட்டப்படி லோயர் ரிசீவர்தான் துப்பாக்கி, சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும். கடையில் அதை வாங்க 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. தவிர, எச்1பியில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள் தம்பி. மாநிலச் சட்டம் தனி. வாஷிங்டன் மாநிலத்தில் 2023லிருந்து இந்த வகை விற்பனைக்கே தடை.

டெக்சாஸ்காரன்: மாமா, பேரலும் போல்ட்டும்கூட ஜோடியாகவே வாங்குகிறேன். அப்போதாவது விடுவீர்களா?

ரேஞ்ச் மாமா: பாதி ரைஃபிளைக் கம்பெனியிடமே வாங்கிவிட்டு "நானே பூட்டினேன்" என்பீர்கள், சரி. மேகசினை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆர்மலைட்டின் ஏஆர்-10பி மாடலுக்கு எம்14 மேகசினைத் திருத்திச் செய்தது வரும், டிபிஎம்எஸ்ஸுக்கு எஸ்ஆர்-25 ரைஃபிளின் வகை. ஒன்று மற்றதில் சேராது.