கேள்வித்தாளை மடித்து வைத்த நாள்: உங்கள் கள நேர்காணல் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஆய்வு மாணவி:
காபி பறிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வுக்காகப் போன டிசம்பரில் ஏற்காடு போனேன். கையில் 42 கேள்விகள். எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. பதில்களை ஒப்பிட வசதி என்றுதான் அந்தக் கட்டமைத்த நேர்காணலை எடுத்தேன். முதல் நாள் எட்டுப் பேர். "வேலை எப்படிங்கக்கா?" "பரவால்லைங்க." "கூலி கட்டுப்படியாகுதா?" "பரவால்லைங்க." மாலையில் பார்த்தால் எட்டுத் தாளும் ஒன்றுபோலவே இருந்தன.

மறுநாள் தாளைப் பைக்குள் வைத்துவிட்டு ஓர் அக்காவோடு நானும் பறிக்கப் போனேன். சரிவில் சில்வர் ஓக் மரத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கிளையை வளைத்தார். சிவந்த பழம் மட்டும் இடுப்புப் பைக்குள் விழுந்தது, பச்சைக் காய் கிளையிலேயே நின்றது. நான் தெரியாமல் ஒரு பச்சைக் காயைப் பறித்துவிட்டேன். "அது சேந்தா எடை போடுறப்பக் கழிச்சிடுவாங்க கண்ணு" என்றார். அதைத் தொட்டு எடைக் கணக்கு, மழை நாளில் கூலி இல்லாதது, மகளின் ஹாஸ்டல் செலவு என்று ஒரு மணி நேரம் பேசினார். எடைக் கழிவு பற்றி என் 42-இல் ஒரு கேள்விகூட இல்லை.

கூடவே நடந்து பேசும் இந்த முறையைப் பற்றி சமூகவியலாளர் மார்கரெத் குசென்பாக் 2003-இல் எழுதியிருப்பதை ஊர் திரும்பித்தான் படித்தேன். அப்புறம் அரைக் கட்டமைப்புக்கு மாறினேன்: ஆறே தலைப்பு, வரிசை அவர்கள் பேச்சின் போக்கில். கையெல்லாம் பழப் பிசுக்கு என்பதால் சம்மதத்தையும் கையெழுத்துக்குப் பதிலாகக் குரலிலேயே பதிவு செய்தேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளர்கள் ஏழு பேரை உட்காரவைத்துக் குழு உரையாடல் நடத்தினேன். பட்டறை முதலாளியும் வந்து உட்கார்ந்துவிட்டார். கூலிப் பேச்சை எடுத்ததும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அதற்காகக் குழு முறையைக் குறை சொல்ல மாட்டேன். கொலுசு மாடல்கள் மாறிய கதையைக் கேட்டபோது, ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். தனி ஆளிடம் அது கிடைக்காது. ஆனால் கூலி, முன்பணம், கடன் எல்லாம் தனித்தனியாக, பட்டறைக்கு வெளியேதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. "வேலை கஷ்டமா?" என்பதை விட்டுவிட்டு, "கடைசியா எந்த நாள் வேலைக்கு வர முடியாமப் போச்சு? அன்னிக்குக் காலையிலிருந்து சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பொதுவாகக் கருத்துக் கேட்காமல், நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சொல்லச் சொல்வது; உளவியலாளர் ஃப்ளானகன் 1954-இல் எழுதிய முக்கிய நிகழ்வு முறைதான் இது. பற்றவைப்புப் புகையில் இருமி இருமி மூன்று நாள் படுத்துக் கிடந்ததை ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

ஆய்வு மாணவி:
நன்றி அண்ணா. மழை நாள் பேச்சை அப்படிக் கேட்டிருக்கலாம். பதிவைத் திரும்பக் கேட்டபோது, அக்கா மூச்சு விட்ட இடத்திலெல்லாம் நான் அடுத்த கேள்வியோடு குறுக்கே புகுந்திருந்தேன். இப்போது மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். அடுத்த பறிப்புக்குப் பழைய தோட்டப் படங்களைக் காட்டிப் பேசவைக்க ஆசை. யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?