50-0 இருந்தா போதுமா? மேவெதரா, ராபின்சனா?

ஒத்தஜாப் கேட்டது:

நேத்து ராத்திரி எங்க வீட்டு மொட்டை மாடியில சின்னதா ஒரு போர். மச்சான் கட்சி என்னன்னா, ஃப்ளாய்டு மேவெதரைத் தாண்டி பாக்சிங்ல ஆளே கிடையாது. 50 சண்டை, 50 வெற்றி, இதுக்கு மேல பேச என்ன இருக்குங்கறான். நான் பழைய காலத்து பாக்சர் சுகர் ரே ராபின்சன்னு வாயைத் திறந்தேன். போனை எடுத்துத் தேடிட்டு, "19 தடவை தோத்த ஆளையா எங்கிட்ட கொண்டாந்து நிறுத்துற?"ன்னு சிரிச்சான். எங்கக்காவும் சேந்து சிரிச்சுது. ராபின்சன்தான் பெரிய ஆள்னு எனக்கு மனசுல இருக்கு, ஏன்னு கேட்டா வார்த்தை வரல. தோக்கவே இல்லங்கறது ஒருத்தர் பெரிய ஆள்ங்கறதுக்கு அத்தாட்சியா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மச்சான் ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றான், அதுக்குள்ள வேணும்.

கயிறோரம்:

நான் உங்க மச்சான் பக்கம். 130 பவுண்டுல ஆரம்பிச்சு 154 வரைக்கும் அஞ்சு எடைப் பிரிவுல பட்டம் எடுத்த ஆள். முதல் பட்டம் 1998ல, ஜெனாரோ ஹெர்னாண்டஸ்கிட்டேர்ந்து. இடது தோளைத் தூக்கி, தாடையை அதுக்குப் பின்னால பதுக்கி வச்சுட்டு, குத்து வர்ற நேரம் இடுப்பை ஒரு சுழட்டு சுழட்டுவார் பாருங்க, எதிராளி கை தோள்மேல வழுக்கிட்டுப் போகும், திரும்பி வர்றதுக்குள்ள இவர் வலது கை மூஞ்சில இருக்கும். 2013ல கனேலோ அல்வாரஸுக்கு 23 வயசு, அதுவரைக்கும் தோல்வியே தெரியாத பையன். அன்னிக்கு ராத்திரி பூரா காத்தைத்தான் குத்திட்டிருந்தான். ஒரு ஜட்ஜ் மட்டும் ரெண்டு பேரும் சமம், 114-114ன்னு போட்டாங்க, அது எந்த சண்டையைப் பாத்துன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. 50 தடவை ஏறி 50 தடவையும் ஜெயிச்சு இறங்கின ஆளைப் போய் இன்னும் என்ன சந்தேகப்படறீங்க?

பழையஜட்ஜ்:

தம்பி ஒத்தஜாப், கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ வச்சுக்கிட்டு படி.

நான் வடசென்னைக்காரன். சின்ன வயசுல கொஞ்ச நாள் ஆடினேன், பெருசா ஒண்ணும் கிழிக்கல. அப்புறம் உள்ளூர்ப் போட்டிகள்ல ஜட்ஜா உக்காந்தேன். அந்த நாற்காலியில உக்காந்தவனுக்குத்தான் தெரியும், 50-0ல வர்ற அந்த சைபரை ஆடறவன் பாதி எழுதறான், மீதியை நாங்க எழுதறோம்.

ஒரு தடவை நான் உக்காந்த பக்கத்துலேர்ந்து பாதி நேரம் சிவப்பு மூலைப் பையனோட முதுகுதான் தெரிஞ்சுது. அவன் கை வீசறப்பல்லாம் பட்டு பட்டுன்னு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் கூட்டம் எழுந்து கத்துது. நானும் அவனுக்கே போட்டுக்கிட்டு வந்தேன். கடைசி ரவுண்டுலதான் எனக்கு உறைச்சுது, அப்படிக் கணீர்னு கேக்கற அடியில பெரும்பாதி கிளவுஸ்லயும் முழங்கையிலயும் விழற அடி. விலாவுல சரியா இறங்கற குத்துக்கு தொம்முனு ஒரு சின்னச் சத்தம்தான், கயித்துக்குப் பக்கத்துல இருந்தாத்தான் கேக்கும். அதை நீல மூலைப் பையன் குத்திட்டிருந்தான். முடிவு சிவப்புக்குப் போச்சு. ரெஃப்ரி ரெண்டு பேர் மணிக்கட்டையும் புடிச்சுக்கிட்டு நிக்கறப்ப நீலப் பையன் என்னையே பாத்தான். திட்டியிருந்தாக்கூட தேவலை. சிவப்புப் பையன் அந்த வருஷம் பூரா "தோக்காத ஆளு"ன்னு பேர் வாங்கிட்டுத் திரிஞ்சான். அந்தப் பேர்ல எனக்கும் பங்கு உண்டு.

இப்ப மேவெதருக்கு வா. 2002 ஏப்ரல் 20, லாஸ் வேகாஸ், எதிர்ல ஹோசே லூயிஸ் காஸ்டியோ. விழுந்த குத்தை எண்ணினவங்க கணக்குல காஸ்டியோ 203, மேவெதர் 157. ஜட்ஜுங்க மூணு பேரும் மேவெதருக்கே கொடுத்தாங்க, ஒரு கார்டு (ஜட்ஜ் மார்க் போடற சீட்டு) 116-111. டிவியில கூடவே கணக்குப் போட்ட ஹரோல்ட் லெடர்மேன் காஸ்டியோன்னார். நான் அதை சத்தத்தை நிறுத்திட்டு மூணு தடவை பாத்திருக்கேன் (சத்தத்தை ஏன் நிறுத்தினேன்னு மேல சொன்னதுலேர்ந்து உனக்கே புரியும்). மூணு தடவையும் எனக்கு காஸ்டியோதான். அன்னிக்கு பேனா வேற பக்கம் ஓடியிருந்தா இன்னிக்கு 49-1. அந்த ஒண்ணுக்காக கனேலோவைச் சுத்தவிட்ட ராத்திரி செல்லாமப் போயிடுமா? கயிறோரம் அவ்வளவு அழகா எழுதின தோள் சுழட்டு இல்லன்னு ஆயிடுமா? ஆகாதில்ல. அப்ப அந்த சைபர் அத்தாட்சி இல்லன்னுதானே அர்த்தம்.

நான் பாக்கற இடம் வேற. ரெண்டாவது சண்டை. ஒருத்தன் உன்னைப் படிச்சுட்டான், உன் பூட்டு எங்க திறக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன்கிட்டயே மறுபடி போய் நிக்கறியா, நின்னா என்ன மாத்தி எடுத்துட்டுப் போற?

ராபின்சன் முதல் 40 சண்டை தோக்கல. 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட்ல ஜேக் லமோட்டா அவரை எட்டாவது ரவுண்டுல கயித்துக்கு வெளிய தள்ளினார், சண்டையையும் ஜெயிச்சார். லமோட்டா ஏறக்குறைய 16 பவுண்டு கூட எடை, அதை மறந்துடாத. அடுத்து ராபின்சன் என்ன செஞ்சார்? ரெண்டு வாரத்துல நியூயார்க்ல இன்னொரு ஆளோட ஆடி ஜெயிச்சார். அதுக்கும் ஒரு வாரம் கழிச்சு, பிப்ரவரி 26, அதே டெட்ராய்ட், அதே லமோட்டா. ஜெயிச்சார். மூணு வாரம் தம்பி! இந்தக் காலத்துல அதுக்குள்ள ஒப்பந்தத்துல கமா கூட வச்சு முடிக்க மாட்டாங்க. மொத்தம் ஆறு தடவை ஆடினாங்க, அந்த ஒண்ணு தவிர அஞ்சும் ராபின்சனுக்கு. அடுத்த தோல்விக்கு 1951 வரைக்கும் போகணும், லண்டன்ல ராண்டி டர்பின்கிட்ட. ரெண்டு மாசத்துல நியூயார்க்ல கண்ணுக்கு மேல கிழிஞ்சு ரத்தம் வழிய பத்தாவது ரவுண்டுல அவரை நிறுத்தி பட்டத்தைத் திரும்ப வாங்கினார். உங்க மச்சான் போன்ல பாத்த 19ல பாதி, 40 வயசு தாண்டியும் விடாம ஆடினப்ப வந்தது. வயசான காலத்துத் தோல்வியை இளமைக் கணக்குல எழுதறது என்ன நியாயம்?

1980 ஜனவரியில முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சி ஆட்டம். அப்பா தோள்மேல உக்காந்து பாத்தேன், எனக்கு ஞாபகம் இருக்கறது அந்த வெள்ளைக் கால்சட்டையும் ஜனங்க சத்தமும்தான். அப்ப அலி பேர்ல மூணு தோல்வி இருந்துச்சு: ஃப்ரேசியர், நார்ட்டன், லியோன் ஸ்பிங்க்ஸ். மூணு பேரையும் மறுபடி கூப்பிட்டு ஜெயிச்சிருந்தார். எங்கப்பா அந்த மூணையும் வெற்றியை விடப் பெருமையாச் சொல்வார், அதுவும் நார்ட்டன்கிட்ட தாடை உடைஞ்சதை, ஏதோ தன் தாடையே உடைஞ்ச மாதிரி கையை வச்சுக் காட்டுவார்.

மேவெதர் இந்த இடத்துல சோடை போகல, அதையும் சொல்லிடறேன். காஸ்டியோவோட அதே 2002 டிசம்பர்ல மறுபடி ஏறினார், இந்தத் தடவை தெளிவா ஜெயிச்சார். அதுக்கு நான் தொப்பியைக் கழட்டறேன். எனக்கு மனசு ஒப்பாதது பிந்தி வந்த கதை. அவர் காலத்து இன்னொரு பெரிய ஆள் மேனி பாக்கியாவோட சண்டைக்கான பேச்சு 2009லயே ஆரம்பிச்சுது. ரத்தப் பரிசோதனை, காசு, யார் சொல்றது சட்டம்னு இழுத்து இழுத்து, நடந்தது 2015 மே 2. அதுக்கு நடுவுல 2012ல மார்க்கெஸ் ஒரே குத்துல பாக்கியாவை முகங்குப்புறத் தரையில போட்டிருந்தார். தப்பு ரெண்டு பக்கமும்தான். ஆனா சைபரை விக்கிற சரக்கா ஆக்கினவன் அதைக் கைபடாமத்தான் வச்சுக்கப் பாப்பான். 50ஆவதா வந்த கானர் மெக்கிரிகர் கூண்டுச் சண்டைக்காரர், அவருக்கு அது வாழ்க்கையிலயே முதல் தொழில்முறை பாக்சிங் சண்டை. பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவோட 49-0ஐத் தாண்டிவிட்ட அந்த ஒண்ணுதான் 50லயும் எடை கம்மி.

ஒத்தஜாப்:

அண்ணே, ரொம்ப நன்றி. ஆனா மச்சான் அடுத்து மார்சியானோவைத்தான் இழுப்பான். 49-0, அதுல 43 நாக்அவுட். ஜட்ஜ் பேனான்னு அங்க பேச முடியாதே?

பழையஜட்ஜ்:

பேசலாம். 1950ல ரோலண்ட் லா ஸ்டார்சாவோட ஆடினப்ப ஜட்ஜுங்க பிரிஞ்சுதான் முடிவு சொன்னாங்க, ஒரு மயிரிழை. 1952ல ஜெர்சி ஜோ வால்காட் முதல் ரவுண்டுலயே அவரைக் கீழ விழவச்சார், 12 ரவுண்டு முடியறப்ப மூணு கார்டுலயும் மார்சியானோ பின்னால. 13ஆவதுல ஒரே வலது கை, வால்காட் கயித்துல சரிஞ்சார். ஆனா பாரு, மார்சியானோ லா ஸ்டார்சாவை மறுபடி கூப்பிட்டு நிறுத்தினார், வால்காட்டை மறுபடி கூப்பிட்டு முதல் ரவுண்டுலயே முடிச்சார். அதனாலதான் எனக்கு அவரைப் பிடிக்கும். பழைய சாம்பியன் ஜோ லூயிஸை ஜெயிச்சதைச் சொன்னா மட்டும் ஒத்துக்காத, அப்ப லூயிஸுக்கு வயசு 37.

கயிறோரம்:

ஜட்ஜண்ணே, உங்க கணக்குப்படி பெரிய ஆளாகணும்னா முதல்ல தோத்தாகணும் போலிருக்கே. தோக்காம ஆடறது அவர் குத்தமா?

பழையஜட்ஜ்:

நல்ல கேள்வி, மாட்டிக்கிட்டேன். குத்தம் இல்லய்யா. தோக்கப் போற நேரம் ஒண்ணு வரும் பாரு, அது வந்தாலும் போதும். 2010 மே 1, ஷேன் மோஸ்லி, ரெண்டாவது ரவுண்டு. மோஸ்லியோட வலது கை வந்து விழுந்துது, மேவெதர் முழங்கால் மடங்கிடுச்சு. நான் எழுந்து நின்னுட்டேன். அந்த ஆள் என்ன செஞ்சார்? மோஸ்லி கையை அக்குள்ள இறுக்கிப் புடிச்சுக்கிட்டார், மூச்சு வர்ற வரைக்கும் விடல. மூணாவது ரவுண்டுலேர்ந்து பின்னால போறதை விட்டுட்டு முன்னால நடக்க ஆரம்பிச்சார். 119-109, 119-109, 118-110. மேவெதர் பெரிய ஆளான்னு என்னைக் கேட்டா, ஆமா. அந்த மூணாவது ரவுண்டைக் காட்டுவேன், 50ஐக் காட்ட மாட்டேன்.

கயிறோரம்:

சரி, அதை நான் எடுத்துக்கறேன். ஆனா காஸ்டியோ முதல் சண்டை மேவெதர்தான். அடுத்த வாரம் நானும் சத்தத்தை நிறுத்திட்டுப் பாக்கறேன், அப்பவும் மேவெதர்தான் வரும்.

ஒத்தஜாப்:

ஞாயித்துக்கிழமை நிலவரம்: மச்சானை உக்காரவச்சு காஸ்டியோ சண்டையைப் போட்டேன், சத்தமில்லாம. ஆளுக்கொரு பேப்பர், ஆளுக்கொரு பேனா, அக்காவுக்கும் ஒண்ணு. முதல் நாலு ரவுண்டு வாய் ஓயல. எட்டாவது ரவுண்டுல பேச்சு நின்னுது. முடிஞ்சதும் பேப்பரைக் கேட்டேன், மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு தண்ணி கேட்டான். அக்கா பேப்பர்ல 115-113 காஸ்டியோ.