‘கிரவுண்ட் கிளாஸ்’: விற்பனைக் குறிப்புக்கு அவசரமாக ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பீட் கிராபிக் என்ற பழைய 4×5 அங்குலப் பிலிம் காமிரா ஒன்றின் விற்பனைக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். நாளை மாலைக்குள் தர வேண்டும். லென்ஸையும் காமிராவின் முதுகையும் இணைக்கும் மடிப்பு உறையான பெல்லோஸுக்குத் ‘துருத்தி’ போட்டாயிற்று. ஆர்மோனியம் பார்த்த எவருக்கும் விளங்கும். கிரவுண்ட் கிளாஸில் சிக்கிக்கொண்டேன். காமிராவின் முதுகில் இருக்கும், ஒரு முகம் மட்டும் சொரசொரப்பாக்கிய கண்ணாடி அது. பிம்பம் தலைகீழாக விழுவது அதில்தான். இங்கே ‘கிரவுண்ட்’ தரையன்று, அரைத்தது. ‘தேய்கண்ணாடி’ சரிவருமா?
– மா.

மா. அவர்களுக்கு,
வினைத்தொகை; ‘க்’ மிகாமல் எழுதியது சரி. ஆனால் ‘தேய்பிறை’ பழகிய காதுக்கு இது தேய்ந்துகொண்டே போகும் கண்ணாடி. விற்கிற பொருளுக்கு அந்தப் பெயர் ஆகாது. ‘மங்குகண்ணாடி’யும் வேண்டாம், லென்ஸில் பூஞ்சை படிந்த மங்கலைப் பற்றி அதே குறிப்பில் எழுத வேண்டியிருக்குமே.
– செ.

ஐயா,
‘குடிநீர்’ என்றால் நீரா குடிக்கிறது? செயப்படுபொருளும் வினைத்தொகையில் வரும். இருந்தாலும் என் பரிந்துரை ‘குருந்தக் கண்ணாடி’. கண்ணாடியைச் சொரசொரப்பாக்கியது குருந்தம் என்ற கடினமான கனிமத்தின் பொடி. ஆங்கிலத்துக் ‘கொரண்டம்’ இங்கிருந்து போன சொல். ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். அந்தக் ‘குரு’வே குருந்தத்தின் வேர் என்பது என் துணிபு. நம் சொல் நம்மிடம் திரும்பட்டும்.
– ந.

ந. ஐயா, குருந்தம் என்றால் பலருக்குத் திருப்பெருந்துறைக் குருந்தமரம்தான் நினைவுக்கு வரும். மேலும் இப்போது 600 எண் சிலிக்கான் கார்பைடுப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்கிறார்கள். பொருள் மாறினால் பெயர் பொய்யாகிவிடும்.
– செ.

இலங்கையில் நாங்கள் கமரா, வில்லை என்று எழுதுவோம். பள்ளிப் பாடத்தில் பிம்பம் ‘திரையில்’ விழும். அதனால் ‘திரைக்கண்ணாடி’ என்றால் மாணவர்க்கும் விளங்கும்.
– இ.

நல்ல சொல். ஆனால் இந்தக் காமிராவுக்குப் பொருந்தாது. ஸ்பீட் கிராபிக்கில் பிலிமுக்கு முன்னால் ஓடும் துணித் திரைதான் பின் ஷட்டர். அந்தத் திரை கிழிந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று சொல்லாமல் விற்க முடியாது. ஒரே குறிப்பில் இரண்டு ‘திரை’ வந்தால் வாங்குபவர் எதைச் சோதிப்பார்?

குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய வாக்கியத்தை வைத்துச் சொல்லைத் தேருங்கள். சொரசொரப்பான முகம் லென்ஸைப் பார்க்க வேண்டும். துடைக்கக் கழற்றியவர் திருப்பி மாட்டினால் குவியம் தவறும், 127 மி.மீ. எக்டார் லென்ஸை எஃப்/4.7-இல் முழுதாகத் திறந்து எடுத்தால் பளிச்சென்று தெரியும். பிலிமைத் தாங்கும் சட்டமான பிலிம் ஹோல்டரின் விளிம்பு மட்டத்திலிருந்து பிலிம்வரை 0.197 அங்குலம், சுமார் 5 மி.மீ. அந்தச் சொரசொரப்பான முகமும் அதே ஆழத்தில் இருக்க வேண்டும். கிராப்லாக் வகை முதுகில், பிம்பத்தின் ஓரங்களையும் வெளிச்சமாகக் காட்டும் தட்டையான பிரெனல் லென்ஸைத் தொழிற்சாலையிலேயே வைத்திருந்தால் அது கண்ணாடிக்கு முன்னால், லென்ஸ் பக்கம் இருக்கும். மங்கலாக இருக்கிறதென்று அதை எடுத்துவிட்டால் கண்ணாடி அதன் தடிமன் அளவு முன்னே வந்துவிடும். கீறல், உடைந்த மூலையைவிட இதுதான் பெரிய குறை. படத்தில் தெரியாது, எழுத்தில்தான் சொல்ல முடியும்.

எனவே ‘தேய்த்த கண்ணாடி’. ‘தேய்த்த முகம்’, ‘வழவழப்பான முகம்’ என்று இரண்டையும் பிரித்துக் காட்டலாம். இறந்தகாலம் வந்ததும் தேய்பிறைக் குழப்பமும் போய்விடும்.
– வே.

வே. சொல்வதை ஏற்கிறேன்.
– இ.

நானும், நேரமில்லாததால். ஆனால் பெயரெச்சத் தொடர் கலைச்சொல் ஆகாது. அதன்மேல் இன்னொரு சொல் கட்ட வராது. கலைச்சொல் அகராதிக்குத் ‘தேய்கண்ணாடி’யே ஏறட்டும், என் முதல் மறுப்பை மீட்டுக்கொள்கிறேன்.
– செ.

அனைவருக்கும் நன்றி. முதலில் வரும் இடத்தில் ‘கிரவுண்ட் கிளாஸ் எனப்படும் தேய்த்த கண்ணாடி’, பிறகு ‘தேய்த்த கண்ணாடி’ மட்டும். பிரெனல் ஆள்பெயர், அப்படியே விடுகிறேன்.
– மா.

அகராதிப் பதிவில் ‘குருந்தக் கண்ணாடி’யை மாற்றுச் சொல்லாகவேனும் சேர்க்க வேண்டும். குருந்தத்தோடு தொடர்புள்ள ‘குருவிந்தம்’ என்ற சொல்லைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– ந.