காலிப் பெட்டிகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போனார்: ஃபுட் பேங்க் உள்ளூர்க் கொள்முதல் பணம் நின்றபோது நீங்கள் பார்த்தது என்ன?

கேரிக்காரன்:
எல்.எஃப்.பி.ஏ கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இல்லாதவர்களுக்கு இலவச உணவு சேர்த்துக் கொடுக்கும் ஃபுட் பேங்க்குகள் உள்ளூர் விவசாயிகளிடம் வாங்க அமெரிக்க மத்திய அரசு கொடுத்த பணம். 2025 மார்ச்சில் அடுத்த சுற்று ரத்து என்று செய்தி வந்தது. பழைய ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்த பணம் எங்கள் ஃபுட் பேங்க்கில் ஆகஸ்ட் வரை ஓடியது. நார்த் கரோலினா. நான் சனிக்கிழமைகளில் சரக்கு இறக்கப் போவேன்.

ஒரு விவசாயி வாராவாரம் வெண்டைக்காய் கொண்டுவருவார். இந்த வார லோடைப் பெட்டியோடு இறக்கிவிட்டு, போன வாரக் காலிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். கடைசி வாரம் அப்படிப் போகவில்லை. நாங்கள் காயை எங்கள் தொட்டிகளில் கொட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றார். பிறகு எல்லாப் பெட்டிகளையும் எண்ணினார். 63 இருக்க வேண்டும், ஒன்று குறைந்தது. கூலருக்குப் பின்னால் கிடந்ததை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் தேடிக் கொடுத்தேன் என்று இன்னும் இருக்கிறது. அது இங்கேயே கிடந்திருந்தால், அதை எடுக்கவாவது ஒரு தடவை வந்திருப்பார்.

வெண்பனி:
நான் நியூயார்க் மாநிலம். எங்களுக்கு நரிஷ் நியூயார்க் இருக்கிறது, உள்ளூர்ப் பண்ணைச் சரக்கை ஃபுட் பேங்க்குக்கு வாங்கும் திட்டம், மாநிலத்தின் சொந்தப் பணம். 2020-ல் கொரோனாவால் பண்ணைகளில் பாலைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தபோது தொடங்கினார்கள், மறு ஆண்டே சட்டமாக்கி நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதனால் எங்களுக்கு உள்ளூர்ச் சரக்கு நிற்கவில்லை. என் மனதில் கிடப்பது வேறு.

சர்ச் பேன்ட்ரி, அதாவது ஃபுட் பேங்க் சரக்கை மக்கள் கையில் கொடுக்கும் இடம். நவம்பர் மாதம். பட்டர்நட் பூசணி வந்திருந்தது, ஒரு குடும்பத்துக்கு இரண்டு. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் இரண்டையும் வாங்கி, வாசல் வரை போய், திரும்பி வந்து மேசையில் வைத்தாள். மோட்டல் அறையில் இருக்கிறாளாம், மைக்ரோவேவ் மட்டும்தான். “இதை வெட்ட என்னிடம் கத்தி இல்லை, அடுப்பு இருக்கிறவர்களுக்குக் கொடுங்கள்” என்றாள். பக்கத்து மேசையில் நாங்களே அந்தப் பூசணிக்கு சூப் செய்முறை அச்சடித்து அடுக்கி வைத்திருந்தோம். அதிலும் ஒன்றைக் கையில் எடுத்திருந்தாள். அதையும் மடிக்காமல் திருப்பி வைத்தாள்.

கணக்குப்பிள்ளை:
வெண்பனி சொன்னதைத்தான் நான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேரிக்காரன் மன்னிக்கவும், அந்த விவசாயி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஃபுட் பேங்க் வைத்திருப்பது வரிசையில் நிற்கிறவருக்காக. நான் ஒஹையோவில் ஒரு பேன்ட்ரிக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஒரு வியாழக்கிழமை 14 குடும்பங்கள் வரிசையில் இருக்கும்போதே சரக்கு தீர்ந்துவிட்டது. கதவைச் சாத்தியது நான். முன்னால் நின்ற தாத்தா, “சரி, அடுத்த வாரம் சீக்கிரம் வருகிறேன்” என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அதே வாரம் உள்ளூர்ப் பண்ணைக் கீரைக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் டின் பீன்ஸ் வாங்கியிருந்தால் அந்த 14 பேரும் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார்கள். நான் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேரிக்காரன்:
எல்.எஃப்.பி.ஏ பணத்தில் டின் பீன்ஸ் வாங்க விதி இடம் கொடுத்ததா? மாநிலத்துக்குள், அல்லது கொண்டுசேர்க்கும் இடத்திலிருந்து 400 மைலுக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பதுதானே நிபந்தனையே. கீரை வாங்காவிட்டால் உங்களுக்கு டின் வந்திருக்காது, பணமே வந்திருக்காது. இன்னொன்று, 2025 தொடக்கத்தில் பறவைக் காய்ச்சலால் முட்டை விலை ஏறியபோது வெளியே வாங்க எங்களால் முடியவில்லை. அப்போதும் பழைய விலைக்கே முட்டை கொடுத்தவர் 30 மைல் தள்ளி இருந்த சின்னப் பண்ணைக்காரர்.

கணக்குப்பிள்ளை:
விதி அப்படி என்பது எனக்கும் தெரியும். அந்த விதி சரியா என்றுதான் கேட்கிறேன். கதவைச் சாத்தியவன் நான்.

மண்வெட்டி:
பென்சில்வேனியாவில் எங்கள் பேன்ட்ரிக்கு ஒரு தடவை ஆப்பிள் வந்தது, தோலில் ஆலங்கட்டி விழுந்த தழும்போடு. ஒரு பையன் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே சாப்பிட்டான். என் அனுபவம் அவ்வளவுதான்.

சொல்ல வந்தது இது. ஒரே நிதியை நம்பாதீர்கள். எங்கள் மாநிலத்தில் பாஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. சட்டம் 2010-ல் வந்தது, பணம் 2015-ல்தான் ஒதுக்கினார்கள். இடையில் ஐந்து வருஷம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் கிடைத்தது. மிஞ்சிய விளைச்சலைப் பறிக்க, பெட்டியில் போட, வண்டியில் ஏற்ற ஆகும் செலவை அது கொடுக்கிறது. உங்கள் மாநிலத்தில் இல்லையென்றால் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போகும்போது ஃபுட் பேங்க் ஆட்கள் மட்டும் போகாதீர்கள், விவசாயியையும் கூட்டிப் போங்கள். அப்புறம், என்ன வாங்கப் போகிறோம் என்பதை ஜனவரியிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். விதை வாங்கிய பிறகு சொல்வதில் அவருக்குப் பயன் இல்லை. பணத்தை 60 நாள் இழுக்காமல் கொடுங்கள், சின்னப் பண்ணைக்கு டீசல் காசு அதில்தான் வர வேண்டும். சரக்கால் யாருக்காவது கேடு வந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு கேட்டுப் பல நல்ல விவசாயிகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவின் பேரில் எடுத்தால் செலவு தாங்கும். வெண்பனி அக்கா, அந்த மாதிரி வருகிறவர்களுக்குப் பூசணியைத் தோல் சீவி, துண்டு போட்டுக் கொடுக்க முடியுமா பாருங்கள். மைக்ரோவேவிலேயே வெந்துவிடும்.

வெண்பனி:
இப்போது துண்டு போட்டுத்தான் கொடுக்கிறோம் தம்பி. அந்தப் பெண் அப்புறம் வரவில்லை.

செயின்ட்பால் மீனா:
மினசோட்டா. இங்கே லாவோஸ் பக்கமிருந்து வந்து குடியேறிய மங் இன விவசாயிகள் நிறைய. அவர்கள் போடும் பாகற்காயை முதல் தடவை எங்கள் பேன்ட்ரியில் பார்த்தபோது நானே ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம் ஊர்க் காயை விட நீளம், முள் மழுங்கியிருக்கும். அன்று பர்மாவிலிருந்து அகதியாக வந்த ஒரு கரென் இனப் பாட்டி வரிசையில் வந்தார். எப்போதும் பேச மாட்டார், கொடுத்ததை வாங்கிப் போவார். பாகற்காயைப் பார்த்ததும் காம்பு பக்கம் நகத்தால் கீறி முகர்ந்தார். பேத்தியிடம் என்னவோ சொன்னார். “அடுத்த வாரமும் வருமா என்று கேட்கிறாங்க” என்றாள் பேத்தி.

வரும் என்று சொன்னேன். வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் பாட்டி வந்து காய் மேசையைத்தான் முதலில் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை சார், அந்த முகத்தைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
தெரியவில்லை அம்மா. அந்தத் தாத்தாவையும் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மண்வெட்டி:
கேரிக்காரன், அந்த விவசாயியின் நம்பர் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள், இந்த வருஷம் என்ன போட்டிருக்கிறார் என்று.

கேரிக்காரன்:
நேற்று கூப்பிட்டேன். வெண்டை பாதி நிலத்தில்தானாம், மீதிக்குச் சோயா. பெட்டிகளைக் கழுவிக் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருக்கிறாராம். நான் கேட்காமலே சொன்னார்: 63-ம் இருக்கிறது.